குட்டையிலிருந்து குட்டைக்குத் துள்ளும் அந்த வழவழப்பு மீன்

கேட்டவர் எழுதியது இதுதான். கடல் வற்றியிருந்த நேரத்தில் பாறைகளுக்கு நடுவே தேங்கிய ஒரு குட்டையில் விரல் நீள மீன் ஒன்றைப் பார்த்திருக்கிறார். கையை வைத்ததும் ஈரச் சோப்பு மாதிரி வழுக்கி, ஒரே துள்ளலில் பாறையைத் தாண்டி அடுத்த குட்டையில் விழுந்துவிட்டது. இன்னொன்றை எப்படியோ பிடித்து, வாளியில் வைத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தள்ளியிருந்த வேறொரு குட்டையில் விட்டாராம். அவருக்கு மூன்று சந்தேகம். ஏன் இவ்வளவு வழவழப்பு? அந்தத் துள்ளல் குருட்டாம்போக்கில் நடந்ததா, தெரிந்து செய்ததா? வேறு குட்டையில் விட்டது தப்பா?

மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் போய்ச் சேருகிறது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் இவை யார் என்று பார்ப்போம். பாறைக் குட்டைகளில் இருக்கும் சின்ன மீன்கள் எல்லாம் ஒரே குடும்பம் இல்லை. பிளென்னி என்றொரு கூட்டம். மழுங்கிய முகமும் தடித்த உதடும் கண்ணுக்கு மேல் குஞ்சம் மாதிரி தோலும் இருந்தால் பெரும்பாலும் அதுதான். கோபி என்கிற உளுவை இனம் இன்னொன்று. மீன் குடும்பங்களிலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று இது, இரண்டாயிரத்தை நெருங்கும் எண்ணிக்கையில் இனங்கள் உண்டு. அப்புறம் வயிற்றில் உறிஞ்சுவட்டு வைத்திருக்கும் ஒட்டுமீன்கள், குளிர்ந்த கடல்களில் ஸ்கல்பின்கள். நெருங்கிய சொந்தம் இல்லாதவைகூட ஒரே மாதிரி வாழ்ந்து ஒரே மாதிரி ஆகிவிட்டன: பெரிய தலை, தலையின் உச்சியில் கண்கள், மெலிந்து நீளும் உடல், உடம்பு முழுக்க வழும்பு. பிளென்னி என்ற பெயரே வழும்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

கடல் ஏறி இறங்கும் அந்தக் குறுகிய பட்டையில் வாழ்வது எவ்வளவு கடினம் என்பது தெரிந்தால்தான் இந்த மீனின் அருமை புரியும். பெரும்பாலான கரைகளில் நாளுக்கு இரண்டு முறை கடல் வற்றுகிறது. வற்றியதும் குட்டை தனித்துப் போகிறது. வெயிலில் தண்ணீர் சூடேறுகிறது. ஆவியாகி உப்புக் கூடுகிறது. மழை பெய்தால் சில நிமிடங்களில் உப்புக் குறைகிறது. பகலில் பாசிகள் ஆக்சிஜனைக் குமிழ் குமிழாக விடும். இரவில் அதே பாசிகளும் மற்ற உயிர்களும் சேர்ந்து அதை இழுத்துத் தீர்த்துவிடும். கடல் திரும்பி வரும்போதோ அலை பாறையில் அறைகிறது. நடுக்கடல் மீன் ஒன்றைக் கொண்டுவந்து இதில் விட்டால் ஒரு நாள் தாங்குவதே கஷ்டம்.

இப்போது வழும்புக்கு வருவோம். எல்லா மீனுக்கும் மேல்தோலில் சளியைச் சுரக்கும் செல்கள் உண்டு. ஆனால் பிளென்னிகளுக்கும் ஒட்டுமீன்களுக்கும் செதிலே கிடையாது. செதில் என்ற கவசம் இல்லாத இடத்தை வழும்பு எடுத்துக்கொள்கிறது. கொட்டலசும் சிப்பியும் ஒட்டிய பாறை எப்படிச் சொரசொரப்பாக இருக்கும் என்று வெறுங்காலில் நடந்தவர்களுக்குத் தெரியும். அந்தப் பாறையின் வெடிப்புக்குள்தான் இந்த மீன் நாள் முழுக்க நுழைந்து வெளியே வருகிறது. வழும்பு இருப்பதால் தோல் கிழியாமல் வழுக்கிப் போகிறது. அதில் லைசோசைம் போன்ற கிருமிக்கொல்லிப் பொருள்களும் நோய் எதிர்ப்புப் புரதங்களும் கலந்திருப்பதால் சிறு கீறல் பட்டாலும் சீழ் பிடிக்காமல் காக்கிறது. பழைய படலம் உரிந்து போய்ப் புதியது வந்துகொண்டே இருக்கும். ஒட்டுண்ணிகள் கால் ஊன்றுவதற்குள் அந்த இடமே கழன்று போய்விடும்.

இதற்கெல்லாம் மேல் ஈரம் இருக்கிறது. கடல் வற்றும்போது இவற்றில் பல குட்டைக்குள்கூட இருப்பதில்லை. பாசிக்கு அடியிலோ பாறை இடுக்கிலோ தண்ணீர் இல்லாமலே கிடக்கும். ஐரோப்பாவின் அட்லாண்டிக் கரையில் ஷானி என்று அழைக்கப்படும் பிளென்னி அப்படிப்பட்டது. இடுக்கு ஈரமாக இருந்தால் போதும், கடல் திரும்பும்வரை மணிக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். செவுளோடு சேர்ந்து தோலும் காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. உலர்ந்த தோலால் இந்த வேலையைச் செய்ய முடியாது. தோலை ஈரமாக வைத்திருப்பது அந்த வழும்புதான். அதனால் காய்ந்த கையால் ஒரு முறை இறுக்கிப் பிடித்தாலும் அந்தப் படலத்தில் ஒரு பகுதி நம் கையோடு வந்துவிடும். பார்த்தே ஆக வேண்டும் என்றால் அதே குட்டைத் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு தொடுங்கள். தொடாமலே இருந்தால் இன்னும் நல்லது.

உடலமைப்பில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல மீன்களுக்கு வயிற்றுக்குள் காற்றுப்பை இருக்கும், மிதப்பதற்கு. வளர்ந்த பிளென்னிகளுக்கு அது இல்லை. நீந்துவதை நிறுத்தினால் கல் மாதிரி அடியில் போய் உட்காரும். அலை அடிக்கும் இடத்தில் அதுதான் நல்லது. மிதக்கும் மீனை அலை தூக்கிப் பாறையில் மோதிவிடும். உளுவைகளுக்கு வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் சேர்ந்து ஒரு கிண்ணமாகிவிட்டன, அதை வைத்துப் பிடித்துக்கொள்ளும். ஒட்டுமீன்கள் இதில் எல்லாரையும் மிஞ்சியவை. வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் வாழும் ஒட்டுமீனை 2013-இல் சோதித்துப் பார்த்தார்கள்: தன் எடையைப் போல 80 முதல் 230 மடங்கு விசையில் இழுத்தால்தான் பெயர்க்க முடிந்தது. அதுவும் கண்ணாடி போன்ற வழவழப்பான இடத்தில் மட்டும் இல்லை, கரடுமுரடான பரப்பிலும் ஒட்டிக்கொண்டது. நாம் கடையில் வாங்கும் ரப்பர் உறிஞ்சுவட்டு கரடுமுரடான பரப்பில் உடனே தோற்றுப்போகும். மீனின் வட்டு விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகள் இருக்கின்றன, அவை பாறையின் மேடு பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்து காற்றும் நீரும் கசியாமல் அடைக்கின்றன.

சரி, நடத்தைக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

ஒரு குட்டை ஓரத்தில் உங்கள் நிழல் தண்ணீரில் விழாதபடி குந்தி உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமே தெரியாது. குட்டை காலியாக இருக்கிறது என்றே தோன்றும். பிறகு பாறையில் ஒரு துளையிலிருந்து மழுங்கிய முகம் ஒன்று மெல்ல எட்டிப் பார்க்கும். உடம்பு அசையாது, கண்கள் மட்டும் அசையும். ஒரு கண் உங்களைப் பார்க்க, மறு கண் தனியாக வேறு பக்கம் திரும்பும். இன்னும் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் வெளியே வந்து நெஞ்சுத் துடுப்புகளைக் கையூன்றுவது போல ஊன்றி, பாறையின் மேல் நிமிர்ந்து உட்காரும். நீந்துவதைவிட இதுதான் அதிகம்: ஒரு துள்ளல், ஊன்றல், சுற்றிப் பார்த்தல், மறுபடி ஒரு துள்ளல். நீங்கள் கையை அசைத்தால் மறைந்துவிடும். எங்கே மறைகிறது என்பதைக் கவனியுங்கள். அநேகமாக அதே துளைதான். பல இனங்களில் வால் முதலில் உள்ளே போகும், முகம் வாசலில் நிற்கும். பத்து முறை விரட்டினாலும் தடுமாறி வேறு வெடிப்பைத் தேடுவது அபூர்வம். தன் வீட்டு வாசல் எது என்று அதற்குத் தெரியும்.

இடம் தெரிவதைப் போலவே நேரமும் தெரியும். ஷானி மீனை ஆய்வகத் தொட்டியில், ஏற்றமோ வற்றமோ இல்லாத நிலையான தண்ணீரில் வைத்து கிப்சன் என்ற ஆய்வாளர் 1960களில் கவனித்தார். வெளியே கடல் ஏறும் நேரம் வரும்போதெல்லாம் உள்ளே அந்த மீன் பரபரப்பாகிவிடும். வற்றும் நேரத்தில் அடங்கிவிடும். தொட்டியில் அலையும் இல்லை, நீர்மட்டம் மாறவும் இல்லை. ஆனாலும் சில நாள்கள் அந்தத் தாளம் தொடர்ந்தது, பிறகுதான் மெல்ல மங்கியது. உடலுக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று அர்த்தம். கடல் ஏறும்போது தலைக்கு மேல் தண்ணீரின் அழுத்தம் கூடுகிறதே, அந்த அழுத்த மாற்றம்தான் இந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிறது என்று பிந்தைய சோதனைகள் காட்டின.

இதே ஷானியின் வாழ்க்கையை 1950களில் வேல்ஸ் கரையில் உட்கார்ந்து விரிவாக ஆராய்ந்தவர்களில் ஒருவர் எஸ். இசட். காசிம். 1981-இல் இந்தியாவின் முதல் அண்டார்டிகா பயணத்துக்குத் தலைமை தாங்கினாரே, அவரேதான். பனிக்கண்டம் வரை போனவர் கடலியலில் ஆரம்பித்த இடங்களில் ஒன்று இந்த விரல் நீள மீன் என்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் சந்தோஷமாக இருக்கும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, அந்தத் துள்ளல். உங்களுக்கு வந்த அதே சந்தேகம் நியூயார்க்கிலுள்ள அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த லெஸ்டர் ஆரன்சனுக்கும் வந்தது. பாத்திகோபியஸ் என்ற உளுவையை அவர் எடுத்துக்கொண்டார். ஆபத்து என்று தோன்றினால் அது குட்டையிலிருந்து பக்கத்துக் குட்டைக்குத் தாவும். தேவைப்பட்டால் அங்கிருந்து அடுத்தது, அதற்கடுத்தது என்று கடல்வரைகூடப் போய்விடும். இதில் வியப்பு என்னவென்றால், தாவும் முன் அடுத்த குட்டை அதன் கண்ணுக்குத் தெரியாது. நடுவே பாறை மறைக்கிறது. திசை கொஞ்சம் தவறினாலும் காய்ந்த பாறையில் விழுந்து வெயிலில் துடிக்க வேண்டியதுதான். ஆனாலும் பெரும்பாலும் சரியாகவே விழுகிறது.

ஆரன்சன் 1951-இல் வெளியிட்ட விளக்கம் எளிமையானது. கடல் ஏறியிருக்கும்போது பாறைகள் எல்லாம் நீருக்குள் மூழ்கியிருக்கும். அப்போது மீன் அவற்றின் மேல் நீந்திப் போகிறது. எங்கே பள்ளம், எங்கே மேடு என்று பார்த்து வைத்துக்கொள்கிறது. கடல் வற்றிய பின் அந்தப் பள்ளங்கள்தானே குட்டைகள்! பின்னால் செயற்கைக் குட்டைகள் அமைத்து இதைச் சோதித்தார். நீர் ஏறிய நிலையில் சுற்றிப் பார்க்க வாய்ப்புக் கிடைக்காத மீன்கள் தாவத் தயங்கின, தாவினாலும் தவறின. ஒரே ஒரு ஏற்றத்தின்போது நீந்திப் பார்த்த மீன்களோ பெரும்பாலும் சரியாகத் தாவின. அங்கிருந்து எடுத்துச் சென்று நாற்பது நாள் கழித்துக் கொண்டுவந்து விட்டபோதும் வழி மறக்கவில்லை என்று 1971-இல் எழுதினார்.

உங்கள் கையிலிருந்து தப்பிய மீன் எந்த இனம் என்று பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் இந்த வகையாக இருந்தால், தாவிய திசை முந்தைய ஏற்றத்திலேயே அது பார்த்து வைத்ததாக இருக்கலாம். ‘சின்ன மீனுக்கு என்ன மூளை’ என்று கேட்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். ஆஸ்திரேலியாவில் பாறைக் குட்டை உளுவைகளையும் மணற்பாங்கான இடத்து உளுவைகளையும் ஒப்பிட்டார்கள். பாறையில் வாழ்பவற்றுக்கு மூளையின் முன்பகுதி பெரிதாக இருந்தது; இடத்தைக் கற்றுக்கொள்வதிலும் அவை கெட்டியாக இருந்தன. மணலில் வாழ்பவைக்கு நினைவு வைக்க அடையாளமும் இல்லை, இன்று இருக்கும் மேடு நாளை இருப்பதும் இல்லை. பாறை மாறாது. மாறாத இடத்தில்தான் வரைபடத்துக்குப் பலன் உண்டு.

துள்ளலை வாழ்க்கையாகவே ஆக்கிக்கொண்டவையும் இருக்கின்றன. பசிபிக்கில் குவாம் தீவின் பாறைகளில் ஒரு பிளென்னி வளர்ந்த பிறகு கிட்டத்தட்ட முழு நேரமும் தண்ணீருக்கு வெளியேதான் வாழ்கிறது. வாலை முறுக்கிப் பக்கவாட்டில் உதைத்துச் செங்குத்துப் பாறையில் தாவும். கடல் மிக ஏறினாலும் அலை அடித்துப் போகும், மிக இறங்கினாலும் உடம்பு காய்ந்துவிடும். அதனால் இரண்டுக்கும் நடுவே, வெயிலும் கடுமையாக இல்லாத நேரம் பார்த்துத்தான் வெளியே வந்து இரை தேடும். அங்கேயும் அலைச் சாரலில் உடம்பை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். நிலத்துக்கு வந்தும் அதன் சுவாசம் ஈரத்தோலை நம்பித்தான் இருக்கிறது.

மட்ஸ்கிப்பர் எனப்படும் சேற்றுத்தாவிகள் உளுவைக்குச் சொந்தக்காரர்கள். அவற்றைப் பற்றித் தனியாகவே எழுதலாம், இங்கே இரண்டு விஷயம் மட்டும். ஒன்று, அவை கண் சிமிட்டும். இமை இல்லாததால் துருத்திய கண்ணை அப்படியே தோல்குழிக்குள் இழுத்து ஈரமாக்கி மறுபடி உயர்த்தும். இரண்டாவது, முட்டைகள். பொந்துக்குள் சேற்றுத் தண்ணீரில் ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. அதனால் உள்ளே மேல்நோக்கி வளைந்த ஒரு அறையின் கூரையில் முட்டைகள் ஒட்டப்படுகின்றன. அப்பன் மீன் வெளியே வந்து வாய் நிறையக் காற்றை அடைத்துக்கொண்டு போய் அந்த அறையில் விடுகிறது, திரும்பத் திரும்ப. குஞ்சுகள் பொரியத் தயாரானதும் ஒரு இரவு ஏற்றத்தின்போது அதே காற்றை வாயால் எடுத்து வெளியே கொண்டுபோகிறது. அறையில் தண்ணீர் புகுகிறது, முட்டைகள் பொரிகின்றன. இதை ஜப்பானிய ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள்.

அப்பன் மீன் என்றதும் நினைவுக்கு வருகிறது: பிளென்னி, உளுவை இரண்டிலும் முட்டையைக் காப்பது பெரும்பாலும் ஆண்தான். வெடிப்பிலோ சிப்பி ஓட்டுக்கு அடியிலோ பெண் முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும். ஆண் அங்கேயே கிடந்து துடுப்பால் விசிறி நீரோட்டம் கொடுக்கும், நண்டு வந்தால் கடிக்கப் பாயும். காவல் காக்கும் ஷானி ஆணின் உடம்பு கறுத்துப்போய் உதடு மட்டும் வெளுத்துத் தெரியும். இங்கேயும் வழும்பு வருகிறது, பாருங்கள். சில பிளென்னி ஆண்களுக்கு குதத் துடுப்பில் ஒரு சுரப்பி உண்டு. அதன் கசிவில் கிருமிக்கொல்லி ஆற்றல் இருப்பது 2006-இல் தெரியவந்தது. முட்டை ஒட்டிய இடத்தில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து அதைப் பூசுகிறது. சில உளுவைகளிலோ ஆண் தன் விந்தணுக்களையே சளிக் கோடாகக் கூட்டின் கூரையில் தடவி வைக்கிறது. அந்தச் சளி கரையக் கரைய விந்தணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவரும். முட்டையிடல் மணிக்கணக்கில் நடக்கும்போது ஆண் வாசலில் காவல் நிற்கலாம்.

காவல் எதற்கு என்றால், திருட்டு உண்டு. போர்ச்சுகலில் ரியா ஃபோர்மோசா என்ற கடற்கழியில் பாறையே குறைவு. சிப்பி வளர்ப்பவர்கள் எல்லை காட்டப் போட்ட செங்கல்களின் துளைகள்தான் மயில் பிளென்னிகளுக்குக் கூடு. வீடு கிடைத்த ஆண்கள் சிலவே என்பதால் அங்கே பெண்கள்தான் ஆண்களைத் தேடிப் போய் ஆடிக் காட்டுகின்றன. சின்ன ஆண்கள் சில, நிறத்திலும் நடையிலும் பெண்ணைப் போலவே காட்டிக்கொண்டு கூட்டருகே போய்ச் சந்தடி சாக்கில் கருவூட்டிவிடும். கூட்டுக்காரன் ஏமாந்துதான் போகிறான். ஒரு துளையுள்ள செங்கல் இருக்கிறதா இல்லையா என்பது யார் யாரைத் தேடிப் போக வேண்டும் என்பதையே மாற்றிவிட்டது. இந்த மீன்களுக்கு இடம் என்பது அவ்வளவு பெரிய விஷயம்.

அதனால்தான் மூன்றாவது கேள்விக்கு என் பதில்: ஆமாம், அதே குட்டையில் விட்டிருக்க வேண்டும். உங்கள் கண்ணுக்கு இரண்டு குட்டையும் ஒன்றுதான். மீனுக்கு முதல் குட்டையில் ஒளிய ஒரு துளை இருந்தது, தாவ ஒரு திசை தெரிந்திருந்தது, ஒருவேளை காக்க முட்டைகளும் இருந்திருக்கலாம். புதுக் குட்டையில் முதல் ஏற்றம் வரும்வரை அதற்கு எதுவும் தெரியாது. நல்ல வேளையாகக் கொஞ்ச தூரம்தான் தள்ளி விட்டிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட கரையோர மீன்களில் சில, அவ்வளவு தூரத்திலிருந்து தானாகவே வீடு திரும்பியதை அடையாளமிட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஸ்கல்பின்களுக்கு அதில் வாசனை உதவுகிறது. உங்கள் மீனும் அப்படித் திரும்பியிருக்கலாம்.

அடுத்த முறை போனால் வாளி நிழலில் இருக்கட்டும், சில நிமிடங்களுக்கு மேல் வைக்காதீர்கள், அந்தத் தண்ணீர் சீக்கிரம் சூடாகிவிடும். ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்தால் அதன் அடிப்பக்கம் மணி மணியாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், அது முட்டை. கல்லை இருந்தபடியே, அதே பக்கம் கீழாக, மெதுவாக வையுங்கள். கல்லுக்கு அடியில் இன்னும் ஆண் இருக்கும், நசுங்கிவிடக் கூடாது.